ஆறு வாரமும் ஒரு மாலையும்

டிசம்பர் நெருங்கினால் வீடுகளில் ஈரிழைத் துண்டுகள் காணாமல் போகும். தேடிப் போனால் அவை தேவாலயத்தின் பின்னறையில், ஏழெட்டு வயது மேய்ப்பர்களின் தலையில் இருக்கும். அம்மாவின் பட்டுப்புடவை கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரியின் தோளில் அங்கியாகிவிடும். பாட்டியின் வெள்ளைச் சேலையை மடித்து ஊக்குக் குத்தினால் ஒரு தேவதூதன் தயார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொன்னிறக் காகிதம் சுற்றினால் வெள்ளைப்போளக் குப்பி. மேடையில் ஒரு வசனம் பேசப்படுவதற்கு முன்பே அந்தக் குடும்பத்தின் பீரோ நாடகத்துக்குள் வந்துவிடுகிறது.

சிறுவர் நாடகத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஞாயிறு பள்ளி ஆசிரியர், உபதேசியார், பெற்றோர் மூவரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பீரோவைத்தான். நாடகம் மேடையில் ஓடுவது இருபது நிமிடம். அதற்கு முந்தின ஆறு வாரத்தில் வீட்டுக்குள்ளும், வீட்டுக்கும் சபைக்கும் நடுவிலும், சபைக்கும் தெருவுக்கும் நடுவிலும் நடப்பதே பெரிய வேலை. அந்த ஆறு வாரத்தைச் சரியாகத் திட்டமிட்டால் இருபது நிமிடம் தானாக அமையும். மேடையை மட்டும் திட்டமிட்டால் நன்றாக ஆடிய ஒரு நிகழ்ச்சி மிஞ்சும். அதற்குமேல் எதுவும் மிஞ்சாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கியபோது ஏற்பாடு செய்யச் சொன்னது ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. மேடை கிடையாது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தீவட்டியும் மெழுகுவர்த்தியும் ஏந்தி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று ஊரெங்கும் கட்டப்படும் கிறிஸ்மஸ் குடிலுக்கும் பிள்ளைகள் போடும் பிறப்பு நாடகத்துக்கும் அந்த இரவு ஒரு தொடக்கம்.

இங்கிலாந்தில் நடுக்காலத்தில் வேத நாடகங்களைத் தொழில் சங்கங்களே பிரித்துக்கொண்டு நடத்தின. யார்க் நகரத்தில் நோவா பேழை கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுக்கு, கடைசி இராப்போஜனம் ரொட்டி சுடுகிறவர்களுக்கு. செஸ்டர் நகரத்தில் பிரளயக் காட்சியை ஏற்றவர்கள் டீ நதியிலிருந்து தண்ணீர் சுமந்து விற்றவர்கள். அவரவர் கைத்தொழில் அவரவர் காட்சியில் இருந்தது. நம் சபைகளிலும் இந்தக் கணக்கு பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடும் எலக்ட்ரீஷியனிடம், “நட்சத்திரம் கூரையில் நகர்ந்து போகணும், முடியுமா?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராதவர், தன் கைவேலைக்குக் கூப்பிட்டால் வருவார். தையல்காரர், பெயின்டர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், பூக்கட்டும் அம்மா எல்லோருக்கும் இது பொருந்தும்.

தமிழுக்கு வந்தால், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவப் பொருளைச் சொல்லப் புது வடிவம் தேடிப் போகவில்லை. தஞ்சாவூர் மக்களுக்குப் பழகிப்போன குறவஞ்சியை எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்டவர், கிராமத்துப் பாட்டையும் பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தையும் நாட்டுக்கூத்தையும் பல பத்தாண்டுகளாக மேடையேற்றி வந்திருக்கிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த இசையிலும் பேச்சிலும் கதையைச் சொல்வதுதான் இவர்கள் எல்லோரும் செய்தது. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு நாடகத்தை அப்படியே மொழிபெயர்த்து, பனி கொட்டும் பெத்லகேமைப் பஞ்சால் செய்யத் தொடங்குமுன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கதை தேர்வு

கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் பிள்ளைகளை நிறுத்த இடமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. வேதத்தைத் திறந்து பார்த்தால் இடம் நிறையவே இருக்கிறது. மத்தேயு சாஸ்திரிகள் வந்தார்கள் என்கிறார். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. மூன்று என்பது மூன்று காணிக்கையை வைத்து நாம் போட்ட கணக்கு. ஏழு சாஸ்திரிகள் வந்தாலும் வேதத்துக்கு விரோதமாகாது. லூக்காவில் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி மட்டும் உண்டு. சத்திரக்காரன் என்று ஒருவன் கிடையாது. ஆகவே சத்திரத்தில் யார் யார் தங்கியிருந்தார்கள் என்பதை எழுதும் உரிமை நாடக ஆசிரியருக்கு இருக்கிறது. குடிமதிப்பு எழுத ஊரே கிளம்பி வந்த நேரம் அது. மூட்டை முடிச்சோடு வந்த குடும்பம், பாய் விரிக்க இடம் தேடும் பாட்டி, கூட்டத்தில் அண்ணனைத் தொலைத்த தங்கை என்று பதினைந்து பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது. வேதத்தில் உள்ளது எது, நாம் சேர்த்தது எது என்பதைப் பிள்ளைகளுக்கும் பார்ப்பவர்களுக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

டிசம்பரைத் தாண்டியும் கதைகள் உண்டு. பாலர் ஞாயிறு, விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள், அறுப்பின் பண்டிகை என்று ஆண்டு முழுக்க வாய்ப்பு வருகிறது. அதற்கு ஏற்ற கதைகளில், சிறு பிள்ளையின் கையில் காரியம் திரும்பும் கதைகளை முதலில் எடுக்க வேண்டும். தூரத்தில் நின்று, நாணலுக்குள் இருந்த தம்பியின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மோசேயின் அக்கா. நாகமானுக்குச் சுகம் கிடைக்க வழி சொன்ன அடிமைச் சிறுமி, பெயர்கூட எழுதப்படாதவள். ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன். இரவில் கூப்பிடும் குரல் யாருடையது என்று தெரியாமல் மூன்று முறை ஏலியிடம் ஓடிய சாமுவேல். இந்தப் பாத்திரங்களை நடிக்கும் பிள்ளை பெரியவர்போல நடிக்க வேண்டியதில்லை. தானாகவே நின்றால் போதும்.

இவற்றுள் மேடைக்கென்றே எழுதி வைத்தாற்போல இருப்பது அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம். பேதுரு சிறையில் இருக்கிறார். காவலுக்கு ஏரோது நிறுத்தியது நான்கு வகுப்பு, வகுப்புக்கு நான்கு பேர், பதினாறு சேவகர்கள். ஒரு பெரிய ஞாயிறு பள்ளியின் குறும்புக்காரப் பையன்கள் அத்தனை பேருக்கும் இங்கே வேலை கிடைக்கிறது. அதுவும் அசையாமல் காவல் நிற்கும் வேலை. சபையார் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தனி நடிகர்கள் தேவையில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சபையே அந்தச் சபை. விடுதலையான பேதுரு கதவைத் தட்டுகிறார். தேவாலயத்தின் நிஜக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே மழை ஈரத்தில் நிற்கும் பையனைத் தட்டச் சொல்ல வேண்டும். மரக்கதவில் விழும் அந்தச் சத்தத்துக்கு எந்த ஸ்பீக்கரும் ஈடாகாது. ரோதை என்ற வேலைக்காரச் சிறுமி ஓடி வருகிறாள். குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து, திரும்பி உள்ளே ஓடுகிறாள். பெரியவர்கள் அவளை நம்பவில்லை. உனக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். வெளியே தட்டுதல் நிற்கவில்லை.

எதற்காக ஜெபித்தார்களோ அது வாசலில் வந்து நிற்கிறது. நம்பியது ஒரு சிறுமி மட்டும். பிரசங்கமாகச் சொன்னால் பத்து நிமிடம் பிடிக்கும் இந்தச் சங்கதி, தட்டும் ஓசை நாலாவது தடவை கேட்கும்போது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சாட்டையடியும் சிலுவையில் அறைதலும் சிறு பிள்ளைகள் நடிக்கும் காட்சிகளல்ல. ஏரோது பாலகரைக் கொன்றதையும் மேடையில் காட்ட வேண்டாம். பொல்லாதவனுக்குக் கரியைப் பூசுவதும், மரியாளுக்கும் தேவதூதருக்கும் நிறம் பார்த்து ஆள் பொறுக்குவதும் இன்னும் பல இடங்களில் நடக்கின்றன. கருத்த பிள்ளை ஆண்டுதோறும் மேய்ப்பனாகவே நிற்கும் சபையில், அந்தப் பிள்ளை வேதத்தைவிட அந்த மேடையிலிருந்து அதிகம் கற்றுக்கொள்கிறது. இது தீங்கு, உடனே நிறுத்தப்பட வேண்டும். பழைய பிரதியைத் திருத்துவது அவமரியாதை ஆகாது. 1634இலிருந்து ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தில் நடந்துவரும் திருப்பாடுகளின் நாடகமே, யூதர்களை இழிவாகக் காட்டிய பகுதிகளைக் கண்டனத்துக்குப் பிறகு நீக்கித் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் ஊரார் செய்த பொருத்தனையால் பிறந்த நாடகம் அது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும்; கொரோனாவால் 2020இலிருந்து 2022க்குத் தள்ளிப்போனது. கைக்குழந்தையோடு ஊரே மேடையேறும் அந்த நாடகமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

எல்லாருக்கும் ஒரு வேலை

சிறுவர் நாடகத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமானால், ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘நோயெஸ் ஃப்ளட்’ என்ற இசை நாடகத்தைச் சொல்லலாம். செஸ்டரின் பழைய பிரளய நாடகத்தை எடுத்து, சிறுவர்களுக்கென்று அவர் அமைத்தது. 1958 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் ஆர்ஃபோர்ட் தேவாலயத்தில் முதலில் நடந்தது. தேர்ந்த இசைக்கலைஞர்கள் சிலர்தான். மற்றபடி பாடியதும் வாசித்ததும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். பிள்ளைகள் விலங்குகளாகவும் பறவைகளாகவும் தேவாலயத்துக்குள் அணிவகுத்து வந்து பேழையேறினார்கள். நடுநடுவே வரும் மூன்று ஞானப்பாட்டுகளைப் பாடுவது பார்க்க வந்த ஜனங்களின் வேலை.

பிரளயத்தின் முதல் துளிகள் விழும் ஓசைக்கு பிரிட்டன் விலையுயர்ந்த வாத்தியம் எதையும் தேடவில்லை. இசைக்கலைஞர் இமோஜன் ஹோல்ஸ்ட் சொன்ன யோசனையின்படி பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் பிள்ளைகளைத் தட்டச் சொன்னார். ஜலதரங்கம் கேட்டுப் பழகிய நமக்கு இது கைவந்த காரியம். ஒரு மூங்கில் கழியில் எட்டுக் குவளைகளைச் சணலில் கட்டித் தொங்கவிட வேண்டும்; அளவும் கனமும் வேறுவேறாக இருந்தால் சுதியும் வேறுவேறாகக் கேட்கும். முதலில் ஒரு பிள்ளை, ஒரே குவளையை, இடைவெளி விட்டுத் தட்டட்டும். பிறகு இரண்டாவது பிள்ளை. பிறகு நாலு பேர். பின்வரிசையில் முறத்தில் அரிசியைச் சாய்த்துச் சாய்த்து ஒரு பிள்ளை பெருமழையைக் கொண்டுவரலாம். மேடையேறக் கூச்சப்படும் பிள்ளைக்கும், திக்கிப் பேசும் பிள்ளைக்கும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் இந்த மழை சொந்தம். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகமாட்டார்கள். இவர்கள் தட்டாவிட்டால் நோவாவின் கதை நகராது.

ஆள் தேர்வில் பின்பற்ற வேண்டிய விதி ஒன்றுதான். நல்ல குரல் யாருக்கு என்று பார்த்துப் பாத்திரம் கொடுத்த பிறகு மிச்சமுள்ளவர்களைத் தேவதூதர் கூட்டத்தில் தள்ளக் கூடாது. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணி, அத்தனை வேலைகள் உள்ள நாடகத்தை எழுத வேண்டும். சபைக் கமிட்டியில் இருப்பவரின் பேத்திக்கே எப்போதும் மரியாள் வேடம் போகிறது என்ற மனத்தாங்கல் இல்லாத ஊர் குறைவு. சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சு எழாது. ஹாஸ்டல் பிள்ளைகளையும், தாய் மட்டும் சபைக்கு வரும் வீட்டுப் பிள்ளைகளையும் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் தாமாக முன்வந்து கேட்கமாட்டார்கள்.

நாட்காட்டி

தமிழ்நாட்டில் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, வடகிழக்குப் பருவமழை. இன்னொன்று, டிசம்பரில் வரும் அரையாண்டுத் தேர்வு. இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் திட்டம் போட முடியாது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் தொடங்கி, நவம்பர் முடிவதற்குள் வசனங்கள் மனப்பாடமாகியிருக்க வேண்டும். டிசம்பரில் தேர்வு நாட்களுக்கு நடுவே ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அரைமணி நேரம் தொட்டுப் பார்த்தால் போதும். திறந்தவெளி மேடை போடுவதானால் மழை வந்தால் எங்கே மாற்றுவது என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

முதல் வாரம் பிரதியைக் கையில் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கதையை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். “உனக்குப் பயமா இல்லையா?” என்று ஒரு மேய்ப்பன் இன்னொருவனிடம் கேட்பது, ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் வராத வசனம். அது வட்டத்தில் உட்கார்ந்த பிள்ளையின் வாயிலிருந்து வரும். வேத வசனங்கள் வரும் இடத்தில் வேதத்தின் நடை இருக்கட்டும். மற்ற இடத்தில் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் இருக்கட்டும். கன்னியாகுமரிப் பிள்ளை சென்னைத் தமிழில் பேச வேண்டிய அவசியம் இல்லை.

வசனத்தை ஸ்டுடியோவில் பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கும் பழக்கம் பல சபைகளில் வேரூன்றிவிட்டது. கேட்கத் தெளிவாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பிள்ளை அங்கே பொம்மையாகிவிடுகிறது. பதிவில் ஒரு வரி முந்தினாலும் பிந்தினாலும் மேடை முழுவதும் திகைத்து நிற்கிறது. வசனத்தைக் குறைத்து, ஒருவருக்கு மூன்று வரிக்குமேல் போகாமல் எழுதி, கதைசொல்லியாக இரண்டு பெரிய பிள்ளைகளை மைக் முன்னால் நிறுத்தினால் இந்தப் பிரச்சினை தீரும். மூன்று வரியை ஆறு வயதுப் பிள்ளையும் உரக்கச் சொல்லும். மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர் இருப்பார். மறந்து, நின்று, நினைவு வந்து சொன்ன வசனத்துக்குச் சபையிலிருந்து எழும் மகிழ்ச்சியைப் பதிவு செய்த குரல் ஒருநாளும் சம்பாதிக்காது.

இரண்டாவது வாரத்திலிருந்து வேலை வீட்டுக்குப் போகிறது. ஒரு வீட்டில் சாயங்காலம் இப்படித்தான் இருக்கும்: தோசைக்கல் அடுப்பில் காய்கிறது. மேய்ப்பன் தரையில் உட்கார்ந்து இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பாட்டி பிரதியைப் பிடித்திருக்கிறார். அவர்தான் தேவதூதன், அவர்தான் மற்ற மேய்ப்பர்கள், அவர்தான் சத்திரத்துக் கூட்டம். நாலு நாளில் பாட்டிக்கு முழு நாடகமும் பாடமாகிவிடும். அப்பா வேலை முடிந்து வந்து, சாட் பேப்பரில் நட்சத்திரத்தின் அஞ்சு முனையும் ஏன் ஒரே அளவில் வரவில்லை என்று ஸ்கேலோடு உட்காருகிறார். குடும்ப ஜெபத்தில் அன்று வாசிக்கப்படுவது லூக்கா இரண்டாம் அதிகாரம். “மேய்ப்பர்கள் போனப்புறம் ஆட்டை யார் பார்த்துக்கிட்டாங்க?” என்று பையன் கேட்கிறான். பதில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடு சாப்பிட உட்காருகிறார்கள்.

இதற்காக ஆசிரியர் செய்ய வேண்டியது சிறிய காரியம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளில் பிள்ளையின் வசனத்தோடு, அந்தக் காட்சிக்குரிய வேதபகுதியையும், பேசிப் பார்க்க ஒரு கேள்வியையும் அச்சிட வேண்டும். வாங்க வேண்டிய பொருள் பட்டியல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வாடகை உடைக்குப் பணம் கேட்கும் நாடகம் சில வீடுகளை வாசலிலேயே நிறுத்திவிடும். துண்டு, சேலை, சணல் கயிறு, பழைய அட்டைப்பெட்டி. இவற்றுக்குமேல் தேவைப்பட்டால் சபை கொடுக்கட்டும். துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டு மேலே சணல் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிந்தால் மேய்ப்பன் வந்துவிடுவான்.

ஒத்திகை முக்கால் மணிக்குமேல் நீளக் கூடாது. நான்காவது வாரம் நிஜமாக நடக்கப்போகும் இடத்திலேயே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கடைசி ஒத்திகையில் உடை, விளக்கு, மைக் மூன்றும் இருக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் அன்றே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

பாதுகாப்பு

பஞ்சுத் தாடியும் மெழுகுவர்த்தியும் ஒரே மேடையில் இருக்கவே கூடாது. நைலான் சேலைக்கும் ஜிகினாவுக்கும் இதே விதி. பேட்டரி விளக்குப் போதும். சீரியல் லைட் வயர்களைப் பிள்ளைகள் நடக்கும் வழியில் விடாமல் ஓரமாக ஒட்டிவிட வேண்டும்.

எந்த ஒத்திகையிலும் ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. குறைந்தது இருவர், அதில் ஒருவர் பெண். உடை மாற்றும் அறை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அங்கே போன் எடுக்கக் கூடாது. பிள்ளையை யார் கொண்டுவந்து விட்டார், யார் அழைத்துப் போனார் என்று நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். நம் சபையில் எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்ற பேச்சு இங்கே எடுபடக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நேர்ந்தது தெரிந்தவர் அதைக் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். உதவிக்கு அழைக்கும் எண் 1098. இந்த எண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி ஒத்திகை அறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

இல்லங்களில் வளரும் பிள்ளைகள் நாடகத்தில் இருந்தால் இன்னொரு கவனம் தேவை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் தெரியும் நாடகத்தை யூடியூபில் ஏற்றக் கூடாது; மற்ற நாடகத்தை ஏற்றும் முன்னும் எல்லாப் பெற்றோரிடமும் எழுத்தில் இசைவு வாங்கிவிட வேண்டும். ஏற்றாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பிறர் எழுதிய நாடகத்தையோ பாட்டையோ எடுத்தாளும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பணம் வாங்காமல் பயில்முறைக் குழுவினர் மேடையேற்றுவதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. அந்த விலக்கு மேடைக்குத்தான். இணையத்தில் ஏற்றுவதற்கு அனுமதி கேட்க வேண்டும்.

தெருவை அழைப்பது

தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டு முழுவதும் மைக் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறவர். அவருக்கு நாடக அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் சபைகுருவோ செயலாளரோ அல்லர். நாடகத்தில் ஆடாக வரும் பிள்ளை. “அங்கிள், நான் ஆடு. வந்து பாருங்க” என்று அது சொன்னால் மறுக்க யாருக்கும் மனம் வராது. வகுப்பு நண்பர்கள், பால்காரர், ஸ்கூல் ஆட்டோ அண்ணன், டியூஷன் டீச்சர் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து பேரைக் கூப்பிடட்டும். அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் இருக்க வேண்டும். அதைக் காப்பாற்றவும் வேண்டும். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள தெருவில் எட்டு மணிக்கே முடித்துவிடுவது மரியாதை.

வந்தவர்களை வரவேற்கும் விதத்தில் ஒரு நேர்மை வேண்டும். அவர்கள் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நாடகம் முடிந்ததும் கதவைச் சாத்தி முக்கால் மணி நேரப் பிரசங்கம் வைப்பதும், பெயர் முகவரி எழுதிக் கேட்பதும் அழைப்பை வலையாக்கிவிடும். அடுத்த ஆண்டு அவர்கள் வரமாட்டார்கள். வர வேண்டியதும் இல்லை. கதை தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். கேட்க விரும்புகிறவர் கேட்பார். வேறு சமயத்து வீட்டுப் பிள்ளை நண்பர்களோடு சேர்ந்து நடிக்க ஆசைப்பட்டால், அதன் பெற்றோரை நேரில் பார்த்து, என்ன கதை, என்ன வேடம், என்ன பாட்டு என்பதையெல்லாம் சொல்லி அவர்கள் மனதார இசைந்த பிறகே சேர்க்க வேண்டும்.

முடிந்ததும் முற்றத்தில் எல்லாருக்கும் டீயும் பன்னும் சுண்டலும். அப்பங்களும் மீனும் கதையை நடித்த நாளில்கூட அப்பத்தை ஆலயத்துக்குள் பரிமாறாமல் முற்றத்தில் கொடுப்பது நல்லது. புதிதாக வந்தவர் திருவிருந்தோ என்று தயங்கமாட்டார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதை தியோபிலஸ் அப்பாவு தம் பாட்டிலும் இறையியலிலும் பெரிதாக நிறுத்தினார். சாதி வாரியாகத் தெருக்கள் பிரிந்து கிடக்கும் ஊரில், பிள்ளைகளின் நாடகத்துக்குப் பிறகு எல்லாத் தெருவும் ஒரே அண்டாவிலிருந்து டீ குடிப்பது சின்ன விஷயமில்லை. அந்த டீ யார் வீட்டில் போடப்படுகிறது, யார் ஊற்றுகிறார் என்பதைக்கூட யோசித்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதே வாரத்தில் நாடகத்தை இன்னொரு இடத்துக்கும் எடுத்துப் போகலாம். முதியோர் இல்லம் நல்ல இடம். மேடை, திரை, மைக் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு நிமிடத்துக்குச் சுருக்கிக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் நடுவில் நின்று நடித்தால் போதும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ போய் உட்கார்ந்து, அவர்கள் சிறுவயதில் நடித்த நாடகத்தைப் பற்றிக் கேட்கட்டும். எழுபது ஆண்டுக்கு முந்தின வசனத்தை இன்னும் ஒப்பிப்பவர்கள் அங்கே உண்டு. போட்டோ எடுக்க வேண்டாம்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. சிறந்த நடிகர், இரண்டாம் இடம் என்ற வரிசையே கூடாது. குவளை தட்டிய பிள்ளைக்கும் யோசேப்புக்கும் ஒரே பொருள், ஒரே அளவில் கொடுக்க வேண்டும். நட்சத்திரத்தை நகர்த்திய எலக்ட்ரீஷியனையும், முழு நாடகத்தையும் பாடம் செய்த பாட்டிகளையும் அதே மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உடைகளைத் துவைத்து டிரங்குப் பெட்டியில் வைத்து, பிரதியை நோட்டோடு சேர்த்து அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவரிடம் ஒப்படைத்தால் வேலை முடிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுங்கள். ஒழுங்காக வரும் பெயர்களோடு, வருவதை நிறுத்திவிட்ட பெயர்களையும் சேர்த்து எண்ணுங்கள். எத்தனை பெயரோ, உங்கள் நாடகத்தில் அத்தனை வேலைகள் வேண்டும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் போங்கள்.